15 வயது பைக்குக்கு ஆர்.சி. புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: 2011-இல் வாங்கிய பைக், ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) முடியப்போகிறது. புதுப்பிப்பதற்கான வண்டிச் சோதனையில் எதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் பிரேக். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் போய்வரும் வண்டிக்கு பிரேக் ஷூ சீக்கிரம் தேயும், அதை சோதனைக்காக மட்டுமல்ல, உங்கள் உயிருக்காகவும் மாற்றிவிடுங்கள். அடுத்தது புகை. மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடி கார்பன் மோனாக்சைடு ஏறும். உங்கள் வண்டிக்கு வரம்பு 3.5 சதவீதம், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து ட்யூனிங் பார்த்துவிட்டுப் போங்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள்! மழையிலும் பனியிலும் துருவேறினால், எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் விழாது. அப்புறம் ஹாரன், இண்டிகேட்டர், வழுக்கை டயர். புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐ காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம், தேறினால் 5 ஆண்டுகள் நீட்டிப்பு கிடைக்கும்.