சமரசக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட டியூஷன் சென்டர்காரருக்கு

கேள்வி: பிளஸ் டூ வரை டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எங்களிடம் கணக்கு எடுத்த 24 வயது ஆசிரியருக்கும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்திக்கும் பழக்கம் என்று எங்கள் மேடம் ஒருவர் மூலம் தெரிய வந்தது. பெண்ணுக்கு 16 முடிந்துவிட்டது, கேட்டதற்கு "எனக்கும் விருப்பம்தான்" என்றாள். அவர் அனுப்பியிருந்த மெசேஜ்களைப் பார்த்தேன், சொல்லும்படி இல்லை. பரீட்சை நேரம் என்பதால் போர்ஷன் முடியும்வரை மூன்று வாரம் பொறுத்து, பிறகு அவரை அனுப்பிவிட்டேன். பெண்ணுக்கு 18 முடிந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி, யார் மேலும் புகார் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் சாட்சி. இப்போது ஆசிரியர் சம்பள பாக்கி, மானநஷ்டம் என்று நோட்டீஸ் விட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா ஃபீஸைத் திருப்பிக் கேட்கிறார். தாய்மாமன் "உன்னை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன்" என்கிறார். நல்லது நினைத்துச் செய்த எனக்கு ஏன் இந்த நிலை? மாமன் மேல் மிரட்டல் புகார் கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மாமன் பேசிய பேச்சு, ஆசிரியரின் நன்றிகெட்டதனம், நீங்கள் பெயர் எடுக்கப் பட்ட பாடு. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நீதிமன்றத்தில் அந்த மூன்று பக்கத்துக்கும் வேலை இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒரே ஒரு வரி: "போர்ஷன் முடியும்வரை மூன்று வாரம் பொறுத்து". மாமன் உங்களை உள்ளே தள்ள வேண்டுமானால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், இந்த வரியை நீங்கள் யாரிடமாவது சொன்னீர்கள் என்று காட்டினால் போதும்.

முதலில் சம்மதத்தை முடித்துவிடுவோம், எல்லாரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 16 முடிந்தால் சரி என்பது பழைய சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து 18 முடியாத யாரும் குழந்தைதான். "எனக்கும் விருப்பம்தான்" என்று அந்தப் பெண் சொன்னதை நீங்கள் உங்களுக்குச் சாதகமாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது சம்மதமே இல்லை, ஏதோ நடந்தது என்பதற்கான தகவல் மட்டும்தான். அந்தத் தகவல் உங்கள் காதில் விழுந்த நாள் எது என்பதுதான் இனி உங்கள் கேஸ். வயதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது, 2023-ல் சட்ட ஆணையம் அதைப் பரிசீலித்து, குறைக்க வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. ஆகவே அந்த நம்பிக்கையும் வேண்டாம்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். போக்சோ 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் என்ன என்பதை 21 சொல்கிறது. சாதாரண ஆள் என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். "எங்களுடையது ஸ்கூல் இல்லையே, வீட்டு மாடியில் நடத்தும் டியூஷன்தானே" என்று கேட்பீர்கள். எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் நிறுவனம் நிறுவனம்தான் என்று பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பிக்க வழியில்லாமல் எழுதிய சில பிரிவுகளில் இது ஒன்று.

ஒரு வருடம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் நண்பர் யாராவது சொல்வார். அந்த மூன்று வாரம்தான் அங்கே இடிக்கிறது. ஆசிரியர் என்ற இடத்தில், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் செய்தால் சாதாரணக் குற்றமே கடுமையான குற்றமாக மாறிவிடும். தொட்டதோடு நின்றிருந்தாலும் அவருக்குக் குறைந்தது ஐந்து வருடம், அதற்கு மேல் போயிருந்தால் குறைந்தது இருபது வருடம். உங்களுக்கு விஷயம் தெரிந்த பிறகும் அவரை அதே வகுப்பில், அதே பெண் முன்னால் நிறுத்தினீர்கள். அந்த மூன்று வாரத்துக்குள் எது நடந்திருந்தாலும், "தெரிந்தே இடம் கொடுத்தார்" என்று உங்களை உடந்தையாகச் சேர்க்க ஒரு விசாரணை அதிகாரிக்குத் தோன்றினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அது நிற்குமா என்று வாதாடலாம், ஆனால் உடந்தை என்று வந்துவிட்டால் குற்றத்துக்கு உள்ள தண்டனையே உடந்தைக்கும். ஒரு வருடம் என்ற கணக்கெல்லாம் அப்போது காணாமல் போய்விடும்.

அடுத்தது அந்த ஸ்டாம்ப் பேப்பர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் இப்படி வருபவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பரோடுதான் வருகிறார்கள், அதையும் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். உங்களுடையதின் நகலைப் படித்தேன். ஆசிரியர் இன்னார், மாணவி இன்னார், இன்ன சென்டரில் பழக்கம் ஏற்பட்டு, "இனி இதுபோல் நடக்காது" என்று உறுதி கூறி, மேற்படி விஷயமாக எந்தப் புகாரும் கொடுப்பதில்லை என்று சம்மதித்து, கீழே தேதி, இரண்டு அப்பாக்களின் கையெழுத்து, சாட்சி என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து, அதன் மேல் சென்டரின் ரப்பர் ஸ்டாம்ப் வேறு. அரசுத் தரப்பு வழக்கறிஞர் இதைவிட நல்ல சான்று ஆவணத்தைக் கனவிலும் கேட்க மாட்டார். குற்றம் நடந்ததும், அது உங்களுக்குத் தெரியும் என்பதும், போலீஸுக்குப் போவதில்லை என்று நீங்களே முடிவெடுத்ததும், எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. உங்களைக் காப்பாற்றும் என்று பத்திரப்படுத்திய காகிதம் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக நிற்கும்.

சமரசத்தால் வழக்கு போய்விடாதா என்ற கேள்வி. ராஜஸ்தானில் ஒரு பள்ளி ஆசிரியர் மேல் மாணவியின் அப்பா புகார் கொடுத்தார், பிறகு இரண்டு தரப்பும் சமரசம் ஆனார்கள், உயர் நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 நவம்பர் 7 அன்று அந்த ரத்து உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது, இது இரண்டு வீட்டுக்கு இடையே உள்ள தனிப்பட்ட தகராறு கிடையாது என்று சொல்லி வழக்கைத் தொடரச் சொன்னார்கள். உங்கள் விஷயத்தில் மூன்றாம் நபரைத் தேடக்கூட வேண்டாம், மாமன் தயாராகவே இருக்கிறார்.

காதல் வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், 2021-ல் அப்படி ஒரு தீர்ப்பு உண்டு, இளம் வயதினரின் உறவுகளைப் பற்றி நிறைய யோசித்து எழுதிய தீர்ப்பு அது. ஆனால் ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு. உங்கள் சென்டரின் முன் அறையில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு இல்லை. பாடம் நடத்த வந்தவர் தன்னிடம் படிக்கும் பெண்ணிடம் பழகியதை அந்தத் தீர்ப்போடு சேர்த்துப் பார்க்க எந்த நீதிபதியும் அவசரப்பட மாட்டார். 18-ல் கல்யாணம் என்ற ஏற்பாடும் பழையதை அழிக்காது.

ஆகவே, மாமன் மேல் மிரட்டல் புகார் கொடுக்கப் போகாதீர்கள். கொடுத்தால் இன்ஸ்பெக்டர் கேட்கும் முதல் கேள்வி "எதற்காக மிரட்டினார்?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்ன நிமிடமே நீங்கள் புகார்தாரர் இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும் ஆசையையும் அடக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஆசிரியர் உங்களைப் பற்றித் தாறுமாறாக எழுதியிருக்கிறார், உங்களுக்குக் கோபம், "எங்கள் மாணவியிடம் நீ இன்ன தேதியில் இன்னபடி நடந்துகொண்டதால்தான் உன்னை நீக்கினோம்" என்று நாலு பக்கம் பதில் போகிறது. என் கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே இப்படி ஒரு பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்திருந்தார். தனக்கு எந்தத் தேதியில் தெரியும் என்பதைத் தானே எழுதி, கையெழுத்துப் போட்டு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வாங்கிவிட்டார். அந்தப் பதிலில் பெண்ணின் பெயரும் இருந்தது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம் என்பது அவருக்கு அப்போது தெரியாது. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது இந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது போட்டிருந்தால், பதில் போடாதீர்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் உங்கள் மேடம் போனில் இருக்கிறது என்கிறீர்கள். அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் சாட்சியத்தை மறைத்த குற்றமும் சேரும். அதே சமயம் இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கேமரா பதிவு இருந்தால் மேலே மேலே பதிந்து பழையது போய்விடும், அதை இன்றே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெண்ணை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பது, "என் மேல் தப்பில்லை என்று சொல்லும்மா" என்று வீடியோ எடுப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. ஏற்கெனவே ஒரு முறை கேட்டதே அதிகம்.

சரி, என்ன செய்வது? சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். மாணவியின் ஃபீஸையும் கொடுத்துவிடுங்கள். இதில் நியாயம் பேசி ஜெயிக்க ஒன்றும் இல்லை, சண்டை நீள நீள அந்த ஸ்டாம்ப் பேப்பர் வெளியே வரும் வாய்ப்புதான் கூடும். மானநஷ்டத்துக்கு ஒரு பைசாவும் வேண்டாம், அதை அவர் கோர்ட்டில் கேட்கட்டும், கேட்க மாட்டார். ஆனால் கொடுக்கும் விதம் முக்கியம். இரண்டையும் தனித்தனியாக, பேங்க் வழியாக, எந்த மாதச் சம்பளம், எந்தப் பருவத்து ஃபீஸ் என்று குறிப்போடு அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் வாயை அடைக்கக் கொடுத்த பணம் என்று நாளைக்கு ஆகிவிடும். "இதோடு எல்லா விஷயமும் முடிந்தது" என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வாங்காதீர்கள். பணத்தில் சமரசம் செய்யுங்கள், தாராளமாகவே செய்யுங்கள். பெண் விஷயத்தில் சமரசம் செய்ய உங்களுக்கு அதிகாரமே இல்லை, அவள் அப்பாவுக்கும் இல்லை.

ஆனால் பணத்துக்கு முன்னால், முதல் வேலையாக, நீங்களே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் தகவல் கொடுங்கள். தாமதம் ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தாமதமாகச் சொன்னவருக்காக வாதாட ஏதாவது இருக்கும், மாமன் சொல்லி மாட்டியவருக்காக என்ன வாதாடுவது? தெரிந்தும் சொல்லாமல் இருப்பதை நீதிமன்றங்கள் லேசாக எடுப்பதில்லை. மகாராஷ்டிராவில் விடுதி மாணவிகள் விஷயத்தில் மௌனமாக இருந்ததாக ஒரு டாக்டர் மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அது கடுமையான குற்றம் என்றே சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் வராது என்று 19-வது பிரிவிலேயே பாதுகாப்பு இருக்கிறது, ஆசிரியர் பொய்ப் புகார் என்று திருப்புவார் என்ற பயம் வேண்டாம். பெண்ணின் அப்பா வேண்டாம் என்கிறார், பெண்ணே வேண்டாம் என்கிறாள் என்பது உங்கள் கடமையை மாற்றாது. கஷ்டமான இடம்தான், நாளைக்கு அந்த வீட்டில் உங்களைத் திட்டத்தான் செய்வார்கள். ஒன்று செய்யலாம்: பெண்ணின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாத பெண் அதிகாரி வந்து வாங்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி பயம் அதில் போய்விடும்.

"நோட்டீஸை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன்" என்று ஆசிரியரிடம் பேரம் பேசிவிட்டு மட்டும் போகாதீர்கள். அந்த ஒரு போன் காலோடு உங்கள் நல்லெண்ணம் காலி.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், பிரச்சினை வேண்டாம் என்று அவருக்கு "சொந்தக் காரணங்களால் விலகினார், நன்னடத்தை உடையவர்" என்று அனுபவச் சான்றிதழ் கொடுத்ததாகவும், அவர் இப்போது வேறொரு இடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதாகவும். அந்தச் சான்றிதழின் நகல், அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தின் பெயர், இரண்டும் உங்கள் புகாரிலேயே இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் போன் செய்து கதை சொல்ல வேண்டாம், போலீஸ் சொல்லட்டும். ஸ்டாம்ப் பேப்பரின் நகலையும் நீங்களே இணையுங்கள். புகாரைப் பதிந்து எண் கொடுத்து உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அது முடியாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். போகும்போது ஒரு வக்கீலைக் கூட்டிப் போங்கள், சாட்சிக் கையெழுத்துப் போட யோசனை சொன்ன அந்த நண்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.