பிடுங்கியவர்கள் சொன்ன கதை

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலக் கறுப்பர்களுக்கு விடுதலை, ஓட்டு, பதவி எல்லாமே கிடைத்தன. படிப்பும் அனுபவமும் இல்லாததால் அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. அதனால்தான் இன்னொரு நூறு வருஷம் போராட நேர்ந்தது என்கிறேன். சரிதானே?
- தேனி வாசகர்

பதில்: சரியில்லை. நீங்கள் சொல்வது, அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கியவர்கள் பின்னால் எழுதிவைத்த விளக்கம். 'தென் மாநிலங்கள்' என்று மொத்தமாகப் பேசினால் விஷயம் நழுவிவிடும். தென் கரோலினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1860 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவிலிருந்து முதல் ஆளாகப் பிரிந்து போன மாநிலம் அது. அப்போது அங்கே இருந்த சுமார் 7 லட்சம் பேரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள்.

அனுபவம் என்கிறீர்களே, ராபர்ட் ஸ்மால்ஸைத் தெரியுமா? சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்த அடிமை. 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரைக்குப் போயிருந்த நேரத்தில், குடும்பத்தையும் கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, வழியில் இருந்த கோட்டைகளுக்கு முறைப்படி சங்கு ஊதிக் காட்டிவிட்டு, கப்பலைப் போரில் எதிரணியான வடக்கு மாநிலங்களின் படையிடம் ஒப்படைத்தார். வயது 23. பிற்பாடு பியூஃபோர்ட் ஊரில், தன் பழைய எஜமானர் வாழ்ந்த வீடு வரி பாக்கிக்காக விற்பனைக்கு வந்தபோது அதையே வாங்கிக் குடியேறினார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார்.

அவர் ஒருவர்தானே என்பீர்கள். சரி, 1868-க்கு வருவோம். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதுவதற்காகக் கூடிய சபையில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். போருக்கு முன்னால் அந்த மாநிலத்தில், 500 ஏக்கரும் பத்து அடிமைகளுமோ, இல்லாவிட்டால் குறிப்பிட்ட மதிப்புக்கு நிலபுலனோ இல்லாதவர் மாநிலச் சட்டசபையின் கீழவைக்கு நிற்கவே முடியாது. ஆளுநரைச் சட்டசபையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஜனாதிபதித் தேர்தலில் மக்களுக்கு ஓட்டே கிடையாது, வெள்ளைக்காரருக்கும்தான். 1868 சட்டம் இனமோ சொத்தோ பார்க்காமல் ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுக் கொடுத்தது. மாநிலம் முழுவதற்கும் இலவசப் பொதுப் பள்ளிகள் என்பதைச் சட்டமாக எழுதிவைத்தது. ஏழை வெள்ளைக்காரரின் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தை உறுதி செய்தவர்களில் நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களும் உண்டு. இவர்களுக்குத்தான் ஆளத் தெரியாது என்கிறோம்.

ஊழல் இருந்ததா? இருந்தது. ரயில்வே பத்திரங்களிலும் அச்சு ஒப்பந்தங்களிலும் பணம் போனது. வெள்ளை, கறுப்பு இரண்டு கைகளும் நீண்டன. அதே காலத்தில் நியூயார்க்கில் ட்வீட் என்ற அரசியல்வாதியின் கும்பல் நகரக் கஜானாவையே காலி செய்துகொண்டிருந்தது. அதற்காக நியூயார்க் வெள்ளைக்காரர்களின் ஓட்டை யாரும் பறிக்கவில்லையே.

உண்மையில் விஷயம் கெட்ட இடம் நிலம். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் போட்ட 15-ஆம் எண் உத்தரவு, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோர நிலங்களையும் தீவுகளையும் விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கியது. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஆயிரக்கணக்கானவர்கள் போய் உழுது விதைத்தார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பும் கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதைச் சொல்ல அக்டோபரில் அந்தத் தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவுக்குப் போனவர் போரில் ஒரு கையை இழந்திருந்த ஜெனரல் ஹோவர்ட். தேவாலயத்தில் திரண்டிருந்த கூட்டத்திடம், பழைய எஜமானர்களை மன்னித்துவிட்டு அவர்களிடமே கூலிக்குப் போங்கள் என்றார். தீவுக்காரர்கள் எழுதிக்கொடுத்த பதில் இன்றும் இருக்கிறது: என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை எப்படி மன்னிப்பேன்? கசையடிக்காவது மன்னித்துவிடலாம், நிலத்தையும் கொடுத்துவிட்டு அவனிடமே கையேந்தச் சொன்னால்?

அதே வருஷ டிசம்பரில் மாநிலம் கொண்டுவந்த 'கறுப்புச் சட்டங்கள்' வேலை ஒப்பந்தத்தில் 'எஜமானர்', 'வேலைக்காரர்' என்றே எழுதச் சொன்னன. விவசாயக் கூலியும் வீட்டு வேலையும் தவிர வேறு எது செய்தாலும் கறுப்பர் உரிமம் வாங்க வேண்டும். கடை வைக்க வருஷத்துக்கு 100 டாலர். அந்தச் சட்டங்கள் அதிக நாள் நிற்கவில்லை. ஆனால் நிலமில்லாதவர் பழைய பண்ணையிலேயே விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்து, அறுவடையை அடகு வைத்துக் கடன் வாங்கி, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மறுபடி பாக்கிக்காரராகத்தான் நின்றார். ஓட்டுரிமை இருந்தென்ன, அடுப்பு எரிய பண்ணையார் தயவு வேண்டியிருந்தது.

பியூஃபோர்ட் பக்கம் மட்டும் கதை வேறு. அங்கே போரின்போதே வரி பாக்கி ஏலத்தில் நிலம் வாங்கியவர்கள் அதை விடவில்லை. மற்ற மாவட்டங்களில் கறுப்பர் அரசியல் அடங்கிய பிறகும் அங்கே அது வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தது.

மற்ற இடங்களில் தேர்தல் வருஷமான 1876-இல் துப்பாக்கி பேசியது. ஜூலையில் ஹாம்பர்க் ஊரில் வெள்ளைக்காரர்கள் கறுப்பர் படைப்பிரிவைச் சூழ்ந்து தாக்கி, பிடிபட்டவர்களில் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். செஞ்சட்டைக்காரர்கள் என்ற வெள்ளை ஆதிக்க ஆயுதக் கும்பல்கள் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றின. எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தில் ஓட்டுப் போடத் தகுதியானவர்களைவிட விழுந்த ஓட்டு அதிகம்! 1877 ஏப்ரலில் மத்தியப் படை காவலை விலக்கிக்கொண்டதும் ஆட்சி வெள்ளை ஆதிக்கக்காரர்கள் கைக்குப் போனது. ஹாம்பர்க்கில் கலந்துகொண்ட பென் டில்மன் பிறகு ஆளுநராகி, செனட்டரும் ஆனார். பெட்டிகளில் கள்ள ஓட்டுத் திணித்தோம், அவர்களைச் சுட்டோம், அதற்காக வெட்கப்படவில்லை என்று 1900-இல் செனட்டிலேயே சொன்னார். செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகும் 'காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை' என்று நாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

மீதி வேலையைச் சட்டம் பார்த்துக்கொண்டது. 1882-இல் ஒவ்வொரு பதவிக்கும் தனி ஓட்டுப்பெட்டி. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் தவறான பெட்டியில் போட்டால் ஓட்டு செல்லாது. 1895-இல் புதிய அரசியல் சட்டம் எழுத டில்மன் கூட்டிய சபை, ஓட்டு வேண்டுமானால் அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டு, இல்லையென்றால் 300 டாலர் சொத்துக் காட்டு என்றது. தலைவரி வேறு. அந்தச் சபையிலும் ஸ்மால்ஸ் இருந்தார். கலப்புத் திருமணத்தைத் தடை செய்யும் பிரிவு வந்தபோது எழுந்து, கறுப்புப் பெண்ணோடு வாழும் வெள்ளைக்காரருக்கு அரசுப் பதவி கிடையாது என்றும் சேர்க்கச் சொன்னார். சபை நெளிந்திருக்கும்! கடைசியில் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

தென் கரோலினாவின் கடைசிக் கறுப்பு எம்.பி. 1897-இல் பதவியிலிருந்து இறங்கினார். அடுத்தவர் வந்தது 1993-இல்.