புதிய சட்டம் வரும்வரை பிணை மனுவைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என் தம்பி கைதாகி 14 மாதங்களாகின்றன. இப்போது விளக்கமறியலில் இருக்கிறார். குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. புதிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் வந்ததும் பழைய சட்டத்தில் உள்ளவர்களை விட்டுவிடுவார்கள், இப்போது பிணை கேட்டால் விடுதலைப் பட்டியலில் பெயர் விடுபடும் என்று கூறி, கொழும்பில் அலுவல் பார்ப்பவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். காத்திருக்கலாமா? (வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது நடைமுறையில் இருந்தபோது தொடங்கிய வழக்குகள், புதிய சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, தொடர்ந்து நடக்கும் என்பது நமது பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே புதிய சட்டம் நிறைவேறும் நாளில் சிறைக்கதவு தானாகத் திறக்கும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். தற்காலிக ஏற்பாடாக 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 2018இல் ஒரு சட்டமூலமும் 2023இல் இன்னொன்றும் வர்த்தமானியில் வெளிவந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. ஒவ்வொரு வரைவின்போதும் அரசாங்கம் வாக்குறுதி தருகிறது, குடும்பங்கள் வாசலில் காத்துக் கிடக்கின்றன. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

உங்கள் கையில் இருப்பது 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். கைதான நாளிலிருந்து 12 மாதங்கள் கடந்தும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால், மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கலாம். வழங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்காதவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், அந்தத் தாக்கல் தேதியிலிருந்து 12 மாதங்கள் விசாரணை தொடங்காமல் போனால் மேல் நீதிமன்றமே பிணையைப் பரிசீலிக்கலாம் என்று அதே திருத்தத்தில் தனியாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதாவது குற்றப்பத்திரிகை வந்த பிறகு வேறொரு நீதிமன்றமும் வேறொரு தொடக்க நாளும் பேச்சுக்கு வரும்; கைதான நாளிலிருந்து எண்ணிய 14 மாதங்கள் எதற்கு உதவும் என்பதே வாதப்பொருளாகிவிடும். தரகரின் பேச்சைக் கேட்டுக் காத்திருக்கும் இடைவெளியில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், இன்றைக்கு நேராகப் போகக்கூடிய வழி சிக்கலாகும். இன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.

அந்த ‘விடுதலைப் பட்டியல்’ எந்தச் சட்டத்திலும் இல்லை. பிணை மனுவைச் சந்தேகநபரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோதான் தாக்கல் செய்ய முடியும். அலுவல் பார்ப்பவருக்கு அதில் இடமே கிடையாது. பணம் கொடுக்க வேண்டாம், வெற்றுத் தாளில் ஒப்பமிட வேண்டாம், மூலப் பத்திரங்களைக் கையளிக்கவும் வேண்டாம். கைதின்போது தந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள்: கைதான தேதி, கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் 12 மாதங்களைக் கணக்கிட வேண்டும். விளக்கமறியலுக்கு அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. பலர் இதில் தவறுகிறார்கள். கட்டணம் செலுத்த இயலாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடுங்கள்.

தம்பி ஏதாவது வாக்குமூலத்தில் ஒப்பமிட்டாரா என்பதையும் கேட்டறியுங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சாட்சியமாக ஏற்கிறது. அது தானாக விரும்பித் தந்ததல்ல என்று நிரூபிக்கும் சுமையையும் தடுத்துவைக்கப்பட்டவர் தலையில் வைக்கிறது. சிங்களம் வாசிக்கத் தெரியாத இளைஞர்கள் சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளில் ஒப்பமிட்ட வழக்குகள் உண்டு. 2022 திருத்தம் இந்தப் பிரிவைத் தொடவே இல்லை. இது மன்னிக்க முடியாத அலட்சியம். எந்த மொழியில் எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்களா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று அடுத்த சந்திப்பில் கேட்டு, பதில்களைத் தேதியுடன் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.