கடவுளின் பெயரில் ஆணி ஒளிந்திருக்கிறதா?

கேள்வி: சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறேன். யோத், ஹே, வாவ், ஹே என்ற கடவுளின் நான்கெழுத்து எபிரெயப் பெயரைப் பழைய பட எழுத்துகளாகப் படித்தால் ‘கையைப் பார், ஆணியைப் பார்’ என்று வருமாம். ஒரு வீடியோவில் சொன்னார்கள். லெந்து நாள் வகுப்பில் இதைச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். எபிரெய எழுத்துகள் படங்களிலிருந்து பிறந்தவை என்பது சரிதான். எகிப்தின் சினாயில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் 1905இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த எழுத்துகளில் மாட்டுத் தலையும் வீடும் கையும் இருக்கின்றன. ஆனால் அங்கேயே அவை ஒலிகளைத்தான் குறித்தன. வீடு வரைந்தால் ‘ப’, அவ்வளவுதான். ஒரு பெயரின் எழுத்துகளைப் படம் படமாகக் கோத்து யாரும் வாக்கியம் படித்ததற்குச் சான்றில்லை. தவிர, வாவ் என்றால் கொக்கி. யாத்திராகமம் 27இல் ஆசரிப்புக் கூடாரத்துப் பிராகாரத் தூண்களுக்கு வருகிற வெள்ளிக் கொக்கி அதுதான். ஆணிக்கு மஸ்மேர் என்று வேறு சொல் உண்டு.

இதோடு சேர்ந்து இன்னொன்றும் சுற்றுகிறது. ஆதியாகமம் 1:1இல் முதல் எழுத்தான ஆலெஃபும் கடைசி எழுத்தான தாவும் சேர்ந்த ‘எத்’ வருகிறது, அது மறைந்திருக்கும் கிறிஸ்து என்பார்கள். தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு இது எளிது. ‘எத்’ செய்வது நம் ‘ஐ’ உருபின் வேலை. ‘வானத்தையும் பூமியையும்’ என்பதில் அது இரண்டு தடவை வருகிறது. ஆதியாகமம் 4:1இல் ஏவாள் காயீனைப் பெற்றாள் என்ற இடத்திலும் அதே ‘எத்’ காயீனுக்கு முன்னால் நிற்கிறது! கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகளை வைத்து ‘நானே அல்பாவும் ஓமெகாவும்’ என்கிற வெளிப்படுத்தலின் வசனத்தை அதன் இடத்திலேயே சொல்லுங்கள், போதும்.

எழுத்தை வைத்தே பாடம் நடத்த ஆசையா? தாவ் இருக்கிறது. எசேக்கியேல் 9:4இல் எருசலேமின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடு என்கிறார் கர்த்தர். மூலத்தில் அந்த ‘அடையாளம்’ தாவ்தான். அந்தக் காலத்து தாவ் வெறும் பெருக்கல் குறி, நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. யோபு 31:35இல் யோபு தன் கையொப்பமாகச் சொல்வதும் இதே சொல். அப்புறம் 3ஆம் நூற்றாண்டில் திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியனும் ஓரிஜெனும் அதில் சிலுவையைக் கண்டார்கள். பழைய தாவ் சிலுவை போலிருக்கும் என்று, வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமும் எழுதினார். அசிசி நகரத்துத் துறவி பிரான்சிஸ் 1224இல் தன் தோழரான சகோதரர் லியோவுக்கு எழுதிக் கொடுத்த ஆசீர்வாதத்தில் அந்தக் குறியை வரைந்தார்.

ஆகவே வகுப்பில் வரிசையை மாற்றாதீர்கள். எசேக்கியேலுக்கு அது கடவுள் தம்மவர்மேல் போட்ட குறி. சிலுவையாக அதைப் பார்த்தது பிற்காலத் திருச்சபை. இரண்டையும் மறைக்காமல் சொல்லலாம். பலகையில் வரையும்போது பழைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இன்றைய தாவையும் போட்டுவிடுங்கள். இன்று அச்சில் இருப்பது அரமேயத்திலிருந்து வந்த சதுர எழுத்து, சிலுவை மாதிரியே இருக்காது. சொல்லாமல் விட்டால், போனில் தேடிப் பார்க்கிற பையன் உங்களை அங்கேயே மடக்கிவிடுவான்.