ஆள் நுழைய முடியாத அறைக்கு வயதானால்? அணு எரிபொருள் ஆலைகள் பற்றிக் கேள்வி பதில்

கவிதா: அணு உலை பழசாவது பற்றி நிறையப் படிக்கிறோம். எரிபொருள் ஆலைக்கும் அதே பிரச்சினைதானா சார்?

இல்லை. உலையில் நியூட்ரான் பட்டுப் பட்டு எஃகுக் கலன் நொறுங்கும் தன்மைக்குப் போகும். பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்து யுரேனியம், புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையில் சூடான நைட்ரிக் அமிலம்தான் எதிரி. துருப்பிடிக்காத எஃகையும் அது மெல்லத் தின்னும். பிரான்சின் லா ஹேக்கில் உள்ள அப்படிப்பட்ட ஆலையில் கழிவுக் கரைசலைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகளின் சுவர், வடிவமைத்தபோது போட்ட கணக்கைவிட வேகமாக மெலிந்தது. தடிமனை அளந்து அளந்து ஓட்டினார்கள். ஆனாலும் புதிய ஆவியாக்கிகளைக் கட்ட வேண்டியதாயிற்று.

ரஃபீக்: இவ்வளவு அளந்தும் கசிவு எப்படி வருகிறது?

அளக்காத இடத்தில் வருகிறது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில், இதே வகையான தார்ப் ஆலை 1994-ல் தொடங்கியது. 2005 ஏப்ரலில், கதிர்வீச்சால் ஆள் நுழைய முடியாத ஓர் அறைக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தால், குழாய் ஒன்று முறிந்து சுமார் 83 கன மீட்டர் கரைசல் தரையில் கிடந்தது. அதில் ஏறத்தாழ 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும் இருந்தன. அந்தக் குழாய் சேர்ந்திருந்த தொட்டியை எடை பார்ப்பதற்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே கலக்கும்போது தொட்டி ஆடும். ஆடி ஆடி அதன் குழாயில் உலோகச் சோர்வு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிறதே, அதுதான்.

எஃகுத் தகடு பதித்த அறை மொத்தத்தையும் தாங்கிக்கொண்டது. வெளியே எதுவும் போகவில்லை, யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் கசிவு மாதக்கணக்கில் நடந்திருக்கிறது! அறையின் குழியில் எடுத்த மாதிரியில் யுரேனியம் முன்பே தென்பட்டிருந்தது. புது ஆலை, கசியாது என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது. எனக்கு முறிந்த குழாயைவிட இதுதான் பெரிய கவலை.

செல்வி: உள்ளே போகவே முடியாத இடத்தை எப்படிக் கண்காணிப்பது?

கேமரா, மீயொலி அளவி, அதே எஃகில் செய்து அமிலத்தில் ஊறவிடும் சோதனைத் துண்டுகள். இவற்றோடு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு. தார்ப்பில் கேமராவை இறக்கவைத்ததே இந்தக் கணக்கு உதைத்ததுதான்.

இளங்கோ: சந்தேகம் வந்தால் மூடிவிடலாமே ஐயா?

மூடுவது சுலபம் தம்பி, காலி செய்வதுதான் கஷ்டம். அதே செல்லாஃபீல்டில், மேக்னாக்ஸ் என்ற பழைய வகை உலைகளின் எரிபொருளிலிருந்து உரித்த உலோக உறைச் சீவல்களைத் தண்ணீரில் போட்டுவைத்த பழைய கிடங்கு ஒன்று உண்டு. 1960-களில் கட்டியது. திரும்ப எப்படி எடுப்பது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. 1970-களில் கசிந்தது, 2019-ல் மறுபடி கசியத் தொடங்கியது. அதற்கென்றே செய்த ராட்சத இயந்திரத்தால் கழிவை அள்ளத் தொடங்கியது 2022-ல்தான். முழுதும் அள்ளி முடிக்கும்வரை அந்தப் பழைய சுவர்களைக் காத்தே ஆகவேண்டும்.