ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்ற சகோதரிக்கு

சகோதரி, அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது, முழங்காலில் நின்றால் அழுகைதான் வருகிறது, சபையில் ஒருவர் "விசுவாசம் குறைந்துவிட்டது" என்றார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த வார்த்தையை உள்ளே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். தேவன் கேள்வி கேட்பதெல்லாம் அப்புறம், ஓரேப் மலைக்குப் போன பிறகு.

என் அப்பா இறந்த சமயம் பக்கத்து வீட்டு அக்கா காலையில் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் என்னைத் தாங்கியது அதுதான்.

அதனால் முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். வார்த்தை வராத இரவில் சங்கீதம் 88-ஐ மெதுவாக வாசியுங்கள். ஆறுதல் வராமலே முடிகிற ஜெபம் அது; அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இன்று இரவு உங்களுக்காக ஜெபிக்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றினால் எழுதுங்கள், படிக்கிறேன்.