கல்யாணத்துக்குப் பத்து வாரம், தாடையெல்லாம் பரு: இப்போது என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 29 வயது, மதுரையில் வேலை பார்க்கிறேன். தை மாதக் கடைசியில் கல்யாணம், இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. பள்ளி, கல்லூரி நாட்களில் எட்டிப் பார்க்காத பரு, 27 வயதுக்கு அப்புறம் தாடையிலும் மோவாயிலும் வர ஆரம்பித்தது. மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் அதிகமாகிறது. மாதவிடாயும் 40, 45 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. தோழி சொன்னாள் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கி இரண்டு மாதம் போட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் பரு இரண்டு மடங்காக வந்து, முகமெல்லாம் சிவந்து எரிகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது. பார்லரில் வாரம் ஒரு ஃபேஷியலும் ப்ளீச்சும் சேர்த்து மணப்பெண் பேக்கேஜ் சொல்கிறார்கள். இன்னொரு தோழி ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். அம்மாவோ "எல்லாம் உடம்புச் சூடு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த க்ரீமைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்தது பரு அல்ல, அந்த ட்யூப்தான். போட்ட ஒரு வாரத்தில் முகம் வெளுப்பது, நிறுத்தினால் எரிந்து பொங்குவது, திரும்பப் போட்டால் அடங்குவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ட்யூபை எடுத்து மூலப்பொருள் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், கிளோபெட்டசால் என்று ஏதாவது ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கலந்திருக்கும். மங்குக்காகத் தோல் மருத்துவர் குறைந்த நாளைக்கு எழுதிக் கொடுக்கிற மருந்து அது. கடையில் அதையே சிவப்பழகு க்ரீம் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். 2018-லேயே முகத்தில் போடுகிற இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. ஆனாலும் "நல்லா கலர் வரும்மா" என்று எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டீராய்டு தோலுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அமுக்கிவிடுகிறது. அதனால்தான் சிவப்பு மறைந்து முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது, பருவும் பதுங்குகிறது. ஆனால் தொடர்ந்து போடப் போட தோல் மெலிந்துகொண்டே போகும், குழாய்கள் விரிய ஆரம்பிக்கும், சிலருக்குக் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புக் கோடுகள் தெரியும், மோவாயில் முடி வளரும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். நிறுத்தின உடனே வருகிற எரிச்சலைப் பார்த்து, அந்த க்ரீம் இல்லாமல் உங்கள் முகம் நன்றாக இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பழகிப்போன மருந்து நின்றதால் வருகிற எதிர்வினை அது, வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் நீடித்து அடங்கும். கல்யாணத்தன்று வரைக்கும் போட்டுவிட்டு அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வரும். தயவுசெய்து வேண்டாம், பத்து வாரம் கழித்து இதைவிட மெலிந்த தோலோடு இதே இடத்தில் நிற்பீர்கள்.

ஆகவே இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். செலவு யோசனை என்றால் உங்கள் ஊரிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் போகலாம். அந்த ட்யூபைக் குப்பையில் போடாமல் கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து, எவ்வளவு வீரியம் என்று தெரிந்தால்தான் ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகவா என்று அவரால் முடிவு செய்ய முடியும். முகத்தைப் பார்க்காமல் நான் எழுதுகிற எதுவும் அந்த நேர்ப் பரிசோதனைக்கு ஈடாகாது.

சரி, பத்து வாரம் போதுமா? போதும், எதற்குப் போதும் என்று தெரிந்துகொண்டால். இன்றைக்குத் தாடையில் தெரிகிற பரு நேற்று உண்டானது இல்லை. தோல் துவாரத்துக்குள் அடைப்பு உருவாகி, அது கண்ணுக்குத் தெரிகிற பருவாக ஆவதற்கே பல வாரங்கள் ஆகும். அதனால் எந்த நல்ல மருந்தும் பலன் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். இப்போது ஆரம்பித்தால் தை மாதத்துக்குள் புதுப் பருக்கள் வருவது கணிசமாகக் குறைந்திருக்கும். பரு போன இடத்தில் இருக்கிற பழுப்புத் தழும்புகள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது, நம் நிறத் தோலில் அவை மறைய மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைக்கும்கூட ஆகும். அது போகட்டும், கவலைப்படாதீர்கள். நிறத்தை மேக்கப் அழகாக மூடிவிடும். மேட்டைத்தான் மூடாது, மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் மேடு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் இந்தப் பத்து வாரத்தில் உங்கள் முயற்சி எல்லாம் மேடு வராமல் தடுப்பதில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் முகத்தைச் சும்மா விடுங்கள். வாசனை இல்லாத மென்மையான க்ளென்சரில் காலையும் இரவும் கழுவுங்கள், ஈரம் இருக்கும்போதே லேசான மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெய் வழிகிற முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், மெலிந்துபோன தோலுக்கு அதுதான் இப்போது முதல் மருந்து. பகலில் எஸ்.பி.எஃப். 30-க்கு மேலுள்ள சன்ஸ்கிரீன். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, தழும்பு கருப்பதை அது கூடுதலாகத் தடுக்கும். வண்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்கிற பழக்கம் இருந்தால் தினமும் துவைத்த துப்பட்டாவாக இருக்கட்டும். ஹெல்மெட் வாரையும் துடைத்து வையுங்கள், தாடையிலேயே உரசி உரசிப் பரு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எரிச்சல் அடங்கிய பிறகுதான் பருவுக்கான பூச்சு. உங்கள் நிலையில் நான் முதலில் நினைப்பது அசெலாயிக் அமிலம். பருவையும் குறைக்கும், தழும்பின் கருமையையும் மெல்ல இறக்கும், எரிந்துபோன தோலும் ஓரளவு தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பம் ஆனாலும் பயமில்லாமல் போடக்கூடியது, கல்யாணமாகப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடபலீனும் அருமையான மருந்துதான், ஆனால் முதல் சில வாரம் தோலை உரித்து எரிய வைக்கும், கர்ப்பத்தில் கூடாது, அதனால் உங்களுக்கு அதை எப்போது தருவது என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் பென்சாயில் பெராக்சைடு கொடுத்தால் 2.5 சதவீதமே போதுமா என்று கேளுங்கள், அதற்கு மேல் போனால் பலனை விட எரிச்சல்தான் கூடும். அது படுகிற துணி வெளுத்துப் போகும் என்பதால் தலையணை உறை பழசாக இருக்கட்டும், பட்டு ரவிக்கை போட்டுப் பார்க்கிற அன்று அதைத் தொடாதீர்கள்.

சிவப்பும் வீக்கமும் அதிகமாக இருந்தால் சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார்கள். ஸ்டீராய்டு க்ரீமால் வந்த அழற்சிக்கும் அது உதவும். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகிவிடும். கல்யாணப் பெண்களுக்கு வீட்டில் சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம், அந்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது, சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஐசோட்ரெட்டினாயின் பற்றிக் கேட்டீர்கள். கடுமையான பருவுக்கு அதைப் போல் வேலை செய்கிற மருந்து கிடையாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம். ஆரம்ப வாரங்களில் சிலருக்குப் பரு கிளம்பி அப்புறம்தான் அடங்கும், உதடு காய்ந்து வெடிக்கும், முழுச் சிகிச்சைக்கே பல மாதங்கள் ஆகும். இதெல்லாம் பரவாயில்லை என்றாலும் ஒன்று இருக்கிறது: இந்த மாத்திரை சாப்பிடும்போதோ நிறுத்தி ஒரு மாதத்துக்குள்ளோ கரு உண்டானால் குழந்தைக்கு மூளை, இதயம், முகம் என்று மோசமான பிறவிக் குறைகள் வரக்கூடும். தோழி மிச்சம் வைத்த அட்டையிலிருந்து ஒன்றைக்கூட எடுத்துப் போடாதீர்கள். குழந்தை எப்போது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவெடுத்து, நம்பகமான கருத்தடையும் இருந்தால், கல்யாணத்துக்கு அப்புறம் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் 40, 45 நாள் மாதவிடாயை உடம்புச் சூட்டில் சேர்க்க முடியாது. வயது வந்த பிறகு தாடையில் பரு, மாதவிடாய் தள்ளிப்போவது, இவை சேர்ந்து வந்தாலே பி.சி.ஓ.எஸ். என்கிற, சினைப்பையோடு தொடர்புள்ள ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மோவாயில் கரடான முடியோ தலையில் முடி மெலிவதோ இருந்தால் இன்னும் அவசியம். ஹார்மோன், தைராய்டு ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்வார்கள். அதற்குக் கல்யாணம் மருந்து இல்லை. இதைச் சொன்னதும் குழந்தை பிறக்காதோ என்ற பயம்தான் வீடுகளில் முதலில் வருகிறது. பி.சி.ஓ.எஸ். இருக்கிற பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் மருந்து உதவி தேவைப்படும், அவ்வளவுதான். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள், மருத்துவர் வாயால் அவரும் கேட்கட்டும்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் விடச் சொல்ல மாட்டேன். சர்க்கரை, மைதா, இனிப்புப் பானங்கள் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன, பாலும் சிலருக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காபி குடிப்பவராக இருந்தால் இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்காகப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

பார்லர் பேக்கேஜுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஸ்டீராய்டால் மெலிந்த முகத்தில் ப்ளீச் போட்டால் வெந்துவிடும். ஃபேஷியலில் எண்ணெய்ப் பசையான க்ரீம் வைத்து அரை மணி நேரம் தேய்த்து, ஆவி பிடித்து, கரும்புள்ளியை அழுத்தி எடுப்பது எல்லாமே பருவுள்ள தோலுக்கு எதிரானவை. முன்பணம் கொடுத்திருந்தால் கை, கால், தலைமுடிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். த்ரெட்டிங்கை நான்கைந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். மருத்துவர் அடபலீன் கொடுத்திருந்தால் த்ரெட்டிங்குக்கு எத்தனை நாள் முன்னால் அதை நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சோடா மாவு எதையும் முகத்துக்குக் கொண்டு வராதீர்கள். நலங்கில் மஞ்சள் பூசுவார்களே என்று கேட்பீர்கள்: கன்னத்தில் ஒரு தொடுதல், மற்றதெல்லாம் கையிலும் காலிலும் என்று அத்தைமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலையில் வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் பெரிதாக ஒரு கட்டி வந்துவிட்டால் கிள்ளவே கூடாது. ஒரு வாரத்தில் போகிற பரு மூன்று மாதத் தழும்பாகிவிடும். தோல் மருத்துவரிடம் போனால் மிக மெல்லிய ஊசியில் ட்ரையாம்சினலோனைச் சிறிதளவு அந்தக் கட்டிக்குள்ளேயே செலுத்துவார், இரண்டு மூன்று நாளில் அமுங்கும். இதுவும் ஸ்டீராய்டுதானே என்றால், ஆமாம், ஆனால் ஒரே இடத்தில் ஒரே முறை, அளவாக. அளவு கூடினால் அந்த இடம் குழி விழும் என்பதால் பழக்கப்பட்ட கைதான் போட வேண்டும், முந்தைய நாள் ஓடாமல் நாலைந்து நாள் முன்பே போங்கள்.

மேக்கப் ட்ரையலை மூன்று வாரம் முன்பே வைத்துக்கொள்ளுங்கள், போட்டுவிட்டு உடனே கழுவாமல் சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்கள். துவாரங்களை அடைக்காத வகையா என்று கேளுங்கள், உங்களுக்கென்று புது ஸ்பாஞ்சும் கழுவிய பிரஷ்ஷும் வேண்டும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நம் ஊரில் ரிசப்ஷன் முடிய ராத்திரி பதினொன்றாகும், விடியற்காலை முகூர்த்தத்துக்கு நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், அந்த அசதியில் மேக்கப்போடு தூங்கிவிடுகிற பெண்கள்தான் அதிகம். தங்கையிடமோ தோழியிடமோ இப்போதே பொறுப்பைக் கொடுங்கள், எவ்வளவு நேரமானாலும் பஞ்சில் ஒருமுறை துடைத்து, க்ளென்சரில் ஒருமுறை கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டுவிட்டுத்தான் உங்களைப் படுக்க விட வேண்டும்.

கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், அசெலாயிக் அமிலமும் சன்ஸ்கிரீனும் தொடரட்டும், தழும்பு மறைய இன்னும் சில மாதம் வேண்டும். அடபலீனோ டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாதவிடாய் ஏற்கெனவே தள்ளித்தான் வருகிறது என்பதால் இந்த முறையும் அப்படித்தான் என்று விட்டுவிடாமல், கர்ப்பமோ என்று சந்தேகம் வந்த அன்றே அடபலீன், டாக்ஸிசைக்ளின் இரண்டையும் நிறுத்திவிட்டு, வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.